ஸ்டோர்ச் சங்கு ஊதிய சனிக்கிழமை

சங்கை ஊதவிட்டால் என்ன என்று தோன்றியபோது நான் ஏணியில் நின்று, பழைய ரோலர் இயந்திரத்தைச் சுற்றி பல்புச் சரம் கட்டிக்கொண்டிருந்தேன். கூரை முகட்டுக்குக் கீழே அது தெரிந்தது. துருவேறி, புறா எச்சம் வழிந்த மின்சாரச் சங்கு. தேயிலை ஆலை ஓடிய காலத்தில் வேலை தொடங்கவும் விடவும் ஊதியது. மணமக்கள் மேல்மாடியிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து அது ஊதினால் எப்படியிருக்கும்? சரத்தைப் பாதியில் விட்டுவிட்டு மனேஜரிடம் ஓடினேன்.

கண்டி மலையில் கலஹாவுக்கு மேலே இருக்கும் இந்தக் கட்டடத்தை எங்கள் ஆட்கள் ஆலை என்று சொல்வதில்லை. ஸ்டோர். அம்மா இங்கே தூள் சலித்தவர். பிறகு கொழுந்தை லொறியில் ஏற்றி வேறு தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள், ஸ்டோரைப் பூட்டினார்கள். வௌவால் குடியேறியது. நாங்கள் சுவரில் ஸ்டம்ப் கீறி கிரிக்கெட் விளையாடினோம். நான் கெம்பஸில் பட்டப்படிப்பு முடித்து வந்தபோது வெள்ளை அடித்து கல்யாண மண்டபம் ஆக்கியிருந்தார்கள். கொழுந்து வாட்டிய மேல்மாடியில் நடனம், ரோலர் அறையில் பந்தி. வெயில் ஏறினால் புது வார்னிஷையும் மீறி பலகையிலிருந்து தேயிலை மணக்கும். விருந்தாளிகள் அதை ஏதோ வாசனைத் திரவியம் என்று நினைப்பார்கள்.

எனக்குக் கொழும்பில் ஒரு வேலை கிடைத்திருந்தது. போக முடியவில்லை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அறை எங்களுக்கு. அம்மாவின் முழங்கால் போய்விட்டது. அப்பா இல்லை. தோட்டமும் மண்டபமும் ஒரே கம்பனி என்பதால் இங்கே வேலை செய்தாலும் கணக்குத்தான். ஆகவே நான் மண்டபத்தில் நிகழ்ச்சி ஒழுங்கு செய்பவள். மேல்மாடி ஜன்னல்களை ஏசிக்காக ஆணியடித்து மூடியிருக்கிறார்கள். பேராதனைக்குப் போகும் பஸ் வளைவில் திரும்புவதை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். சத்தம் கேட்காது.

மனேஜருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. எலெக்ட்ரீஷியன் சங்கின் வாயில் சாக்கைத் திணித்து மோட்டாரை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தார். சுற்றியது. போதும் என்றார்.

சனிக்கிழமை பகல், கண்டி டவுன் ஜோடி ஒன்று படியில் காலை வைத்ததும் ஸ்விச்சைப் போட்டேன். முதலில் ஒரு முனகல். பிறகு எழுந்து எழுந்து மலையெல்லாம் நிறைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தச் சிலிர்ப்பு அடங்குவதற்குள் பக்கக் கதவு திறந்தது. பக்கத்து லயத்து அக்கா வாளியோடு நின்றார். பின்னால் நனைத்த சாக்குகளோடு ஆண்கள். அதற்கும் பின்னால், சேலையைத் தூக்கிச் செருகி, காலை இழுத்துக்கொண்டு, ஒரு குடம் தண்ணீரோடு அம்மா. நேரங்கெட்ட நேரத்தில் ஸ்டோர்ச் சங்கு ஊதினால் ஸ்டோரில் நெருப்பு என்று அர்த்தம். லயத்தில் பிறந்த எனக்கு அது தெரியாமல் போனது, நான் பிறந்த பிறகு அப்படி ஒருமுறையும் ஊதாததால்.

"எங்க புள்ள பத்திக்கிச்சு?" என்றார் அக்கா, மூச்சு வாங்க.

சேற்றுக் கால்கள் பளபளத்த தரையில் நின்றன. சாக்கு வைத்திருந்த மாமா ஒருவர் பந்தி மேசையை எட்டிப் பார்த்தார். சாப்பாடு ஆறாமலிருக்கத் தட்டங்களுக்குக் கீழே சின்னத் தீ எரிந்தது.

"நெருப்பு அங்கதான் இருக்கு. கோழிக்கிக் கீழ. அணச்சிருவோமா?"

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். படக்காரர்கள் படமாக எடுத்துத் தள்ளினார்கள். மணப்பெண் என் காதருகே வந்து, "இதுவும் புரோகிராம்ல இருக்கா? செம," என்றாள். அம்மா என்னைப் பார்க்காமல் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்.

திங்கட்கிழமை மனேஜர் கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். நல்லதுக்கு இல்லை என்று விளங்கியது.

"தங்கச்சி, அடுத்த சனிக்கும் அவங்கள வரச் சொல்லுங்க. அதே வாளி, அதே சாக்கு. ஆளுக்கொரு சாப்பாடு குடுப்போம்."

"அவங்க நடிக்கல சேர்."

"அதுதானே அழகு. நீங்க லயத்துப் புள்ள, நீங்க சொன்னா கேப்பாங்க. உங்கள நிரந்தரமாக்கிறதப் பத்தியும் ஹெட் ஒபிஸ்ல பேசணும், இல்லையா?"

மிரட்டும் குரல் இல்லை. நிஜமாகவே எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மறுத்தால் என் வேலை போகும், வேலையோடு அம்மாவின் அறையும். சம்மதித்தால் அம்மாவையே ஒவ்வொரு சனியும் குடத்தோடு ஓடவிட்டுக் கைதட்டல் வாங்கவேண்டும்.

வீட்டில் அம்மா முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு முடிக்கும்வரை துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

"பூட்டிப்போட்ட ஸ்டோருக்கு ஏன் ஓடுனோம்னு எனக்கே வெளங்கல. காலு தானா ஓடிருச்சு. எரிஞ்சா வேல போயிரும்னு ஓடுன காலு."

"அம்மா, நான் என்ன செய்ய?"

"உன் வேலய நீ பாரு. ஆனா ஒண்ணு, இனிமே அது எத்தன தடவ ஊதுனாலும் நான் எந்திரிக்க மாட்டேன். நெசமா பத்துனாலும்."

அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. மேல்மாடி முழுக்கக் காய்ந்த பலகை. கல்யாணத்துக்குக் கல்யாணம் மெழுகுதிரி. ஸ்டோரின் பின்சுவரிலிருந்து எங்கள் லயம் எட்டிப்பிடிக்கும் தூரம். எங்களுக்கென்று இருக்கும் ஒரே எச்சரிக்கை அந்தச் சத்தம். அதை நான் வேடிக்கையாக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வழி தோன்றியிருக்கிறது. அந்தக் காலத்தில் சங்கு வேலை விடும்போதும் ஊதும். சாயங்காலம் அந்த நேரத்துக்கு ஊதினால் ஒருவரும் ஓடிவர மாட்டார்கள், அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பார்கள். அடுத்த சனி ஜோடியின் வீட்டுக்குப் பேசிவிட்டேன். மேற்கு வெயில் கண்ணாடி வழியாகச் சாய்ந்து விழும்போது இறங்கினால் படம் எப்படி வரும் என்று மாதிரிப் படங்களும் அனுப்பினேன். பெண்ணுக்குச் சம்மதம். சுபநேரம் காலையிலேயே முடிந்துவிடுகிறதாம், பெண்ணின் அம்மாவும் தடை சொல்லவில்லை.

மனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலை, அதே வாளி என்றவர் அதற்குச் சாயமும் பூச ஆள் பிடிக்கும் முன்னால், சொல்லப்போகிறேன். இனி சங்கு சாயங்காலம் மட்டும், மற்ற நேரத்தில் நெருப்புக்கு மட்டும் என்று. "அப்ப ஆளுங்க எங்க?" என்று கட்டாயம் கேட்பார். பதிலைப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"வேல விட்டாச்சு சேர். அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க."