மருமகனின் வலதுகை நகங்கள்

"மருந்து வெளியே தெரியும் அறைகளில் வேலை செய்வோரின் நகங்கள், உள்ளங்கைப் பக்கமிருந்து பார்க்கும்போது விரல் நுனிக்கு மேலே தெரியக் கூடாது." மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் என் மருமகன் அருள் வேலை செய்த மருந்துத் தொழிற்சாலையின் சுகாதார விதி இது. புதிதாகச் சேர்கிற எல்லாருக்கும் இதன் பிரதியைக் கொடுப்பார்கள். அதை முழுவதுமாக வாசித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நானோ அங்கே வேலை செய்யாதவன். ஓய்வு பெறும்வரை யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், நிர்வாகப் பகுதியில் இருந்த எனக்கு, விதியொன்றைக் கண்டால் அது யாருக்குப் பொருந்தாது என்று முதலில் பார்க்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை. விதி "அறைகளில்" என்கிறது. அருள் நின்றதோ வெளிமண்டபத்தில், மூடி முத்திரையிட்ட போத்தல்களைப் பெட்டியில் அடுக்கும் இடத்தில். ஆகவே விதி அவருக்குப் பொருந்தாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதுமாயிருந்தது.

ஆண்பிள்ளைக்கு எதற்கு நகம் என்று ஊரிலிருந்து வாசிப்பவர்கள் கேட்பீர்கள். அருள் எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு எலெக்ட்ரிக் கிற்றார் வாசிப்பவர். மற்றவர்கள் பிக் என்ற சிறு பிளாஸ்டிக் தகட்டால் கம்பியைத் தட்டுவார்கள். இவர் விரலால் மீட்டுவார். பெருவிரல் தடித்த கம்பிகளில் பேஸ் என்ற தாழ்ந்த சுரத்தைப் போட, மற்ற மூன்று விரல்களும் நகத்தால் மெல்லிய கம்பிகளில் மெட்டைப் பிடிக்கும். மன்னாரில் அவருடைய இசைக்குழுவில் பேஸ் வாசித்தவர் ஒருநாள் இந்தியாவுக்குப் படகேறிப் போய்விட, அந்த வேலையையும் பெருவிரலிடம் கொடுத்துப் பழகிக்கொண்டாராம். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதாகத்தான் தோன்றும். பிக்கைக் கையில் கொடுத்தால் அவர் ஒரு ஆள்தான்.

2008 மார்ச்சில், பனி இன்னும் உருகாத ஒரு செவ்வாய்க்கிழமை, அருள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்றார். சூப்பவைசர் அவருடைய நகத்தைப் பார்த்துவிட்டாராம். அடுத்த திங்களுக்குள் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வரத் தேவையில்லை. தகுதிகாண் காலம் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. நிரந்தர வேலைக் கடிதம் கையில் கிடைத்தால்தான் தாயாரை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிட முடியும் என்பது அவருடைய கணக்கு. தாயார் மன்னாரில் தனியே இருந்தார். போர் நடந்த அந்த வருடம் அங்கே எந்த வீதி எந்த நாள் திறந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"நான் எழுதிறன்," என்றேன்.

"அப்பா, இது கச்சேரி இல்லை," என்றாள் மகள் நிர்மலா. "இஞ்ச ஆரும் கடிதம் எழுதிறேல்லை. போய்க் கதைக்கிறவை."

நான் எழுதவும் செய்தேன், போய்க் கதைக்கவும் செய்தேன். தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிரதியை எடுத்துக்கொண்டு, கழுத்துப் பட்டி கட்டி, பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போனேன். வரவேற்பிலிருந்த பெண் "போன்ஜூர்" சொல்லி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேலை விண்ணப்பப் படிவம் ஒன்றை நீட்டினாள். வயதைப் பற்றி யோசிக்க வேண்டாம், கூட்டுகிற வேலை இருக்கிறது என்று ஆறுதலும் சொன்னாள். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் கேட்டபோது, அந்தப் படிவத்திலேயே நான் ஒப்பமிட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.

கடைசியில் சூப்பவைசரே வந்தார். நடுவயதுக்காரி, களைத்த முகம். கடிதத்தை வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் பேசினார்.

"என் தம்பியும் கிற்றார் வாசிக்கிறவன். மெடியாத்தோர் வைத்துத்தான். உங்கள் மருமகனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்களேன்."

பிக்கைத்தான் சொல்கிறார் என்று விளங்கியது. பெருவிரலைப் பற்றியும் இரண்டு ஆட்களைப் பற்றியும் விளக்கினேன். அருளோடு இன்னொருவருக்கும் வேலை கேட்கிறேன் என்று நினைத்தார் போலும், இப்போது இடமில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவர் ஏன் கையுறையைக் கழற்றினார்? நான் கேட்கவேயில்லை. நான் வரிசையால் நடந்து போவேன், எல்லாரும் கையுறையோடு கையைத் தூக்கிக் காட்டுவார்கள், அவ்வளவுதான். இவர் கழற்றிவிட்டு உள்ளங்கை இரண்டையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். கண்டபிறகு நான் காணாத மாதிரி இருக்க முடியுமா?"

வீட்டுக்கு வந்து அருளிடம் கேட்டேன்.

"கையைப் பார்க்க ஆரும் வந்தா நான் அப்பிடித்தான், மாமா. கேக்க முதல் காட்டிப்போடுவன்."

ஊரில் சோதனைச் சாவடியில் ஒருமுறை பிடிபட்டிருக்கிறார். கிற்றார்க் கம்பியை அழுத்தி அழுத்தி இடதுகை விரல் நுனிகள் காய்த்திருந்தன. ஆமிக்காரன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆயுதம் பிடித்த கை என்றான். கிற்றார் என்றால் நம்புகிறவன் யார்? பங்குத் தந்தை வந்து சொல்லும்வரை வெயிலில் முழங்காலில் இருந்தார். அதன்பிறகு எந்தச் சாவடியிலும் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. பையை நிலத்தில் வைத்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டே நடந்து போவார். அந்தப் பழக்கம் அவரோடு விமானம் ஏறி மொன்றியலுக்கும் வந்துவிட்டது. சாவடியில் அவரைக் காட்டிக்கொடுத்தது இடதுகை, இங்கே வலதுகை. கச்சேரியில் நான் படித்த எந்த விதிக் கோவையிலும் இதற்கொரு பந்தி கிடையாது.

அந்த ஞாயிறு இரவு நகத்தை வெட்டினார். தலைமை அலுவலகத்தின் பதில் வரும்வரை என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டோம். அடுத்த பூசைக்கு நிர்மலா மருந்துக்கடையில் ஒட்டு நகம் வாங்கி வந்தாள். காணிக்கைப் பாட்டின் நடுவில் ஒன்று கழன்று பறந்து முன்வரிசையில் ஒரு அம்மாவின் மடியில் விழுந்தது. அவர் அதைப் பூச்சி என்று தட்டிவிட்டார். பிறகு அருள் வெறும் விரல் சதையால் வாசித்துப் பார்த்தார். அப்படி வாசிக்கிற பெரிய ஆட்கள் இருக்கிறார்களாம், அவர்களுடைய விரல்கள் அப்படியே பழகியவை. இவருடைய விரல் மெல்லிய கம்பியில் வழுக்கியது. பூசை முடிந்ததும் ஒருவர் வந்து கேட்டார்.

"அண்ணை, ஸ்பீக்கர் பழுதோ? டும் டும் எண்டு மட்டும் கேக்குது."

"ஓம், பழுதுதான்," என்றார் அருள்.

பேஸ் போட்டவர் மட்டும் கனடாவில் நின்றுகொண்டார். மெட்டுக்காரர் எங்கே போனார் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

தலைமை அலுவலகத்துக்கு ஞாபகமூட்டல் அனுப்பினேன், பிறகு இன்னொன்று. பனி உருகி, கதவுகளைத் திறந்துவைக்கும் காலமும் வந்தது. தகுதிகாண் காலம் முடிந்தும் வெளிமண்டபத்தில் யாரையும் நிரந்தரமாக்கவில்லை. யூன் கடைசியில் சூப்பவைசர் அருளைக் கூப்பிட்டு, உள் அறையில் நிரந்தர இடமொன்று வந்திருக்கிறது, கையும் இப்போது சரியாயிருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். உள் அறையில் மருந்து வெளியே தெரியும். அந்த விதி அங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி," என்றேன். "பதில் எங்களுக்குச் சாதகமாத்தான் வரும். வெளியில நிண்டே நிரந்தரம் கேட்டு எழுதலாம். பேந்து நகமும் வளர்க்கலாம்."

"நான் பொறுப்பன், மாமா. அம்மா இருக்கிற இடம் பொறுக்காது."

கடிதக் கோவையை மூடி வைத்தேன். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மறுப்புகளில், மறு கடிதம் எழுத இடம் வைக்காதது அது ஒன்றுதான்.

பதில் நல்ல தடித்த தாளில் இருந்தது. என் வாசிப்பு முற்றிலும் சரி, வெளிமண்டபத்தில் வேலை செய்வோருக்கு அந்த விதி பொருந்தாது, திரு. அருள் தன் நகங்களை விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம், ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். உள் அறைக்கு அருள் கையெழுத்திட்டது திங்கட்கிழமை. பதில் வந்தது புதன்கிழமை, யூலை ஒன்பதாம் திகதி.