எங்கே என்று கேட்கக்கூடாது

கிளிநொச்சியிலிருந்து விமான நிலையத்துக்குப் போகிற எங்கள் வாடகை வானை ஓமந்தையில் பொலிஸ் மறிக்கிறது. என் தங்கை பவளம் மகளின் பிள்ளைப்பேறு பார்க்க லண்டன் போகிறாள். விசா மறுத்து மறுத்துக் கடைசியில் கிடைத்த பயணம். அவளுடைய பெட்டியை இறக்கிக் கிளறுகிற பொலிஸ்காரப் பிள்ளை, வவுனியாக்காரி, கேட்கிறாள்:

“எங்கையம்மா போறியள்?”

பவளத்தின் முகம் கறுக்கிறது. “வெளிக்கிட்டவளைப் பாத்து எங்கை எண்டு கேட்டிட்டாள், அக்கா. இனிப் போற காரியம் சரிவராது. வீட்டை திரும்பி, இருந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் வெளிக்கிடோணும்.”

“பிளேன் உனக்காகக் கிளிநொச்சிக்கு வராதடி,” என்கிறேன்.

பிள்ளை நாக்கைக் கடிக்கிறாள். தன் கதிரையில் பவளத்தை இருத்தித் தண்ணீர்ப் போத்தலை நீட்டுகிறாள்.

“இஞ்சையே குடியுங்கோ அம்மா. இப்ப முறையாக் கேக்கிறன், தூரப் பயணமோ?”

பவளம் சிரித்துக்கொண்டு இரண்டு மிடறு குடிக்கிறாள். மிச்சத்தைப் பைக்குள் வைக்கப் போனவள் கேட்கிறாள்:

“எயார்போட்டிலையும் எங்கை எண்டுதானே கேப்பினம், பிள்ளை?”

“ஓம். அங்கை போத்தலையும் பறிச்சுப் போடுவினம்.”

பவளம் கொஞ்சம் யோசிக்கிறாள். பிறகு அண்ணாந்து முழுப் போத்தலையும் குடித்து முடிக்கிறாள்.

“கேக்கப்போற எல்லாருக்கும் சேத்துக் குடிச்சிட்டன். எடு வானை.”

வவுனியா இன்னும் வரவில்லை. பவளம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வானை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறாள்.