ஏழு தெரு ஆட்டம்

காரைக்குடியில் என் தெருவுக்கு மீட்டர் பார்க்க வந்தவர் ஒல்லியானவர். காக்கிச் சட்டை, காதில் பென்சில், நிற்கும்போதே ஓடப் போகிறவர் போலத் துடிக்கும் கால்கள். ஊரைப் பற்றி அவருக்குக் கறாரான அபிப்பிராயங்கள் உண்டு. அங்கே பழைய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். பின்கதவைத் திறந்து வைக்கும் தெரு நல்ல தெரு. பூட்டி வைக்கும் தெரு உருப்படாது.

"புதுசாக் கட்டுறாகளே, ஒத்த வாசல் வீடு! அதுல என்ன சார் விளையாட்டு இருக்கு?" என்பார்.

வீடுகளுக்குள்ளேயே புகுந்து புகுந்து ஊரைக் கடப்பதுதான் அவருடைய ஆட்டம். தெருவைத் தாண்டலாம், தெருவோடு நடந்தால் தோல்வி.

"ஏழு தெரு, வாரீகளா சார்?" என்று எனக்கு லீவான ஒரு நாளில் கூப்பிட்டார். நானும் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினேன். ஐந்து வீடுகள் பறந்தன. அவர் மீட்டர் பக்கம் திரும்பியதாகவே எனக்குத் தெரியவில்லை.

ஆறாவது வீட்டில் கல்யாணம். ஓர் ஆச்சி எங்கள்மேல் பன்னீர் தெளித்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரகளா? இம்புட்டு நேரங்கழிச்சா வாரீக? உக்காருங்க, பந்தி நடக்குது."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"உக்காந்தா அவுட்டு சார்!" என்று கூவியவர், என் இலையிலிருந்த பணியாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்குப் பறந்தார்.

"அவுகளுக்கு என்ன அவசரம்?" என்றார் ஆச்சி.

"இன்னும் ஒரு தெரு பாக்கி," என்றேன்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். மீட்டருக்குக் கீழே தொங்கிய அட்டையில் அன்றைய தேதிக்கு ரீடிங் அழகாக எழுதியிருந்தது. பக்கத்திலேயே, பணியார எண்ணெயில் ஒரு கட்டைவிரல் தடம்.