டைனமோவில் பதிந்த குரல்

மருதனார்மடச் சந்திக் கடையொன்றில் அம்மாவின் பழைய பாட்டுக் கசற்றைக் கணினியில் ஏற்றக் கொடுத்தேன். அம்மா பாடியதில் மிஞ்சியது அது ஒன்றுதான். கீச்சென்று குரல் வந்தது.

“அண்ணை, உதுவோ உங்கடை அம்மா? பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரிக் கிடக்கு” என்று சிரித்தான் கடைக்காரத் தம்பி.

எனக்கு எங்கள் குசினியின் அடுப்படி கண்ணில் வந்தது. சண்டையால் மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலம். கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதியை நான் கையால் சுற்றுவேன். அதன் டைனமோ தரும் மின்சாரத்தில் கசற் றெக்கோடர் ஓடும். மண்ணெண்ணெய்ப் புகையோடு ரயர் சூடேறும் மணம் வரும்.

“ஒழுங்காச் சுத்தடா, இல்லாட்டிக் கசற்றிலை நான் பேய் மாதிரிக் கத்துவன்” என்று ஒருநாள் சொல்லி, பதியும் பொத்தானை அமுக்கிவிட்டு அம்மா தேவாரம் தொடங்கினார். கை களைத்து நான் மெதுவாகச் சுற்றினேன். மெதுவாகப் பதிந்த குரல் இப்போது வேகமாக ஓடுகிறது.

“வேகத்தைக் குறைக்கிறன். அம்மான்ரை குரல் வரேக்கை சொல்லுங்கோ, நிப்பாட்டுறன்” என்றான் கடைக்காரத் தம்பி.

குரல் இறங்கிக்கொண்டே போனது. எல்லாம் அம்மா போல இருந்தது. எதுவும் அம்மாவாக இல்லை. முப்பது வருடம் ஊர் ஊராகத் திரிந்தேன். அவர் செத்தபோதும் நான் வரவில்லை.

“தெரியேல்லைத் தம்பி.”

“வீட்டிலை வேறை ஆரையும் கேட்டுப் பாருங்கோவன்.”

“கேக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை. திருப்பி முதலிலை இருந்து போடு.”