மூன்று மணிக்கு எடுத்த தீச்சட்டி

மலைக்குப் போனால் 'கல்ச்சர்' ஏதாவது பார்க்கக் கிடைக்குமா என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் நான் பொன்முடிக்காரி, பிறந்தது அங்கே தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில். பனி எப்போது இறங்கும், அட்டை எங்கே கடிக்கும், எந்த வளைவில் குழந்தைகள் வாந்தி எடுக்கும் என்று யார் கேட்டாலும் சந்தோஷமாகச் சொல்வேன். லயத்து அம்மன் கோயில் கொடைத் திருவிழாவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். அது எங்கள் வீட்டு விஷயம்.

என் முதலாளி விட்டால்தானே! கொடையைக் காட்ட ஒரு வேன் நிறைய ஆள் கூட்டிப்போக வேண்டும் என்றார். அவரும் தமிழர்தான். ஆரியசாலையில் மளிகை மொத்த வியாபாரம் செய்த நாஞ்சில் நாட்டுக் குடும்பம்.

"உனக்க ஆளுகதானே அங்க. பேசி சரியாக்கு. கெஸ்டு எல்லாம் இருட்டும் முன்னே செக்போஸ்ட் கடக்கணும், கேட்டியா? தீச்சட்டியை மூணு மணிக்கு எடுத்தா மதி."

"விளக்கு வச்ச பிறகுதான் சார் எடுக்கணும்."

"சாமிக்கு வாட்ச் உண்டோ?"

முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் பேசாமல் மலையேறிப் போய், கொடைக்கு ஜெனரேட்டரும் மைக் செட்டும் தருகிறேன் என்று என் சித்தப்பாவை மடக்கிவிட்டார். சித்தப்பாதான் அந்தக் கோயில் பூசாரி. ஒரு ஜெனரேட்டருக்கு அம்மனையே மூன்று மணிக்கு எழுப்பிய மகராசன்.

அந்த வருடம் தீச்சட்டி எடுப்பது என் அம்மா. அக்கா பிரசவத்தில் சாகக் கிடந்து பிழைத்ததற்காக நேர்ந்துகொண்டது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இனியும் தள்ளிப் போட்டால் பார்வை திரும்புமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நேர்ச்சையை முடிக்காமல் ஆபரேஷன் கிடையாது என்று அம்மா ஒரே பிடிவாதம். மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டியவர்கள் அதை அவிழ்க்கும்வரை எஸ்டேட் எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் கொடை முடிந்த அந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரியில் தேதி வாங்கி வைத்திருந்தேன்.

சட்டி எடுத்தவள் கோயில் வாசல் வரும்வரை வழியில் எங்கும் நிற்கக் கூடாது. நின்றால் நேர்ச்சை கழியாது, அடுத்த வருடக் கொடையில் மறுபடி எடுக்க வேண்டும். இது லயத்தில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். குறுக்கே யாரும் வர மாட்டார்கள். சட்டி வருகிற பாதையில் பெண்கள் தண்ணீர் தெளித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்.

அன்று வேனில் வந்தவர்கள் அந்த ஈரத்திலேயே செருப்போடு நின்றார்கள். அழகாக இருக்கிறதென்று அவர்களும் காப்புக் கேட்டார்கள். சித்தப்பா கட்டிவிட்டார்! சாயங்காலமே எல்லை தாண்டப் போகிற கைகளுக்குக் காப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அம்மா வேப்பிலைமேல் சட்டியை ஏந்தி வந்தாள். வெயிலில் நெருப்பே தெரியவில்லை, புகை மட்டும்தான் தெரிந்தது. நானும் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு கூட்டத்துக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். திடீரென்று சேலை கட்டிய ஒரு பெண் பாதை நடுவில் இறங்கி, போனை உயர்த்திக்கொண்டு, "அம்மா! அம்மா!" என்று கத்தினாள். அம்மா நின்றுவிட்டாள். மேளமும் நின்றது. "நடங்க மதினி, நடங்க" என்று சித்தப்பா பதறினார். அந்தப் பெண் படம் எடுத்து முடித்துத்தான் விலகினாள்.

அன்று இரவு எல்லோருக்கும் காப்பு அவிழ்த்தபோது அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"நடுவழியில நின்ன சட்டி. இத எப்படி அவுப்பீரு?"

"ஒரு நிமிசம்தான மதினி. ஆத்தா பொறுத்துக்கிடுவா."

"அவ பொறுப்பா. நான் சொன்ன சொல்லு?"

சித்தப்பா அடுத்த கையை அவிழ்க்கப் போய்விட்டார். எனக்கு அவரை அடிக்கலாம்போல இருந்தது. அம்மாவிடம் கெஞ்சினேன், கத்தினேன், கண்ணைப் பற்றிச் சொன்னேன். அடுத்த கொடைவரை எல்லை தாண்ட மாட்டேன் என்று படுத்துவிட்டாள்.

மறுநாள் ஆபீஸில் முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "கெஸ்டுக்கெல்லாம் பயங்கர இஷ்டமாச்சு. அடுத்த தடவை ரெண்டு வேன் விடலாம்." போனில் படத்தைக் காட்டினார். சட்டிக்குப் பின்னால் அம்மாவின் முகம், கீழே 'மலையின் பாரம்பரியம்' என்று எழுத்து. உங்கள் பாரம்பரியத்தில் இடி விழ என்று சத்தமாகவே சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் தேதியை வேண்டாம் என்று சொன்னேன். இனி எப்போது வருவீர்கள் என்று கவுண்டரில் கேட்டதற்கு, அடுத்த கொடை முடிந்து என்றேன்.

அங்கேயே வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். வேறு யாரைத் திட்டியும் ஆத்திரம் தீரவில்லை, அவளையே பிடித்துக்கொண்டேன். "எவளோ ஒருத்தி கூப்பிட்டா நின்னுருவியா? இத்தனை வருஷமா பாக்கிறவளுக்கு நிக்கக் கூடாதுன்னு தெரியாதா?"



"ஏட்டி, கோவப்படாத. உன் ஒசரத்துல ஒருத்தி குறுக்க வந்து அம்மா, அம்மான்னு கத்துனா. எனக்கு மூஞ்சி தெரியுதா என்ன? உனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு நின்னுட்டேன்."