வண்டி எடுக்கல

துணி வெளுக்கும் ஆலையில் அவரை எல்லாரும் 'இதோ' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து இஸ்திரி உருளைக்குள் விடுவது அவர் வேலை. எதற்குக் கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்பார், வரமாட்டார். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. முதலில் சரி என்று தலையாட்டிவிட்டு, அப்புறம் எப்படிக் கழன்றுகொள்வது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்.

கழன்றுகொள்ள அவருக்கு வாய்த்த பெரிய வசதி, அந்தப் பழைய கார். அக்கா வீடு மாற்றிய அன்று அதற்கு பிரேக் பிடிக்கவில்லை. அத்தான் இறந்தபின் சாமான்களை ஒழித்துக்கொடுக்க வருவதாகச் சொன்ன அன்று டயர் பஞ்சர். மச்சினன் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தபோது ரேடியேட்டர் ஒழுகியது. இத்தனை நோயாளி வண்டி, அவரை வேலைக்கு மட்டும் சமர்த்தாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. குடும்பத்தில் இது யாருக்கும் தெரியாமல் இல்லை. கேட்டு வைத்தால் அவருக்குச் சங்கடமாகுமே என்று விட்டுவிட்டார்கள்.

அக்காவுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் நேற்று ஓரத்திலிருந்து இருட்டு ஏறிவர ஆரம்பித்தது. விழித்திரை பிரிகிறது, காலையில் முதல் ஆளாக வந்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் இதுவும் தங்காது, வழியில் எங்கும் விழுந்து வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். தெருவெல்லாம் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. அக்கா வீடு இருக்கும் மேட்டுக்கு வர வாடகைக் கார்க்காரர்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

"நான் வர்றேங்க்கா" என்றார் இதோ. இந்தத் தடவை மனசாரத்தான் சொன்னார்.

காலையில் சாவியைத் திருகினார். டக் என்றது. மறுபடி திருகினார். டக் டக் என்றது. முன்னாலிருந்த விளக்குகள் மினுக்கென்று மின்னி மங்கின. ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு திருகினார், மிதிக்காமல் திருகினார், ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் திருகினார். கடைசியில் அந்த டக்கும் நின்றுபோனது.

மனைவி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடிவந்தாள். "என்னங்க, நெஜமாவே கிளம்பலையா?"

"என்னப் பாத்தா விளையாடுற மாதிரியா இருக்கு?"

அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அக்கா வீட்டுப் போனுக்கு அடித்தார். எடுக்கவில்லை, விஷயத்தைச் சொல்லிவைக்கும்படி ஒரு குரல் சொன்னது. "அக்கா, வண்டி எடுக்கல" என்று தொடங்கினார். பயப்படாதே, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்புகிறேன், எப்படியாவது வந்துவிடுவேன், நீ வாசலைத் தாண்டாதே என்று நிறையச் சொன்னார். சொல்லி முடித்துப் போனைக் காதிலிருந்து எடுத்தபோதுதான் அது செத்துப்போயிருந்தது தெரிந்தது. அந்தக் குளிர் காருக்குச் செய்ததைப் போனுக்கும் செய்திருந்தது. எதுவரை போய்ச் சேர்ந்ததோ என்று நினைத்துக்கொண்டே அதை மனைவியிடம் கொடுத்து, உள்ளே சார்ஜில் போடச் சொன்னார்.

பக்கத்து வீட்டு பிளம்பர் தூக்கம் கலையாத முகத்தோடு தன் வேனைக் கொண்டுவந்து காருக்கு மூக்கோடு மூக்காக நிறுத்தினார். பேனட்டைத் தூக்கிப் பார்த்தார். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

"குளிர்ல பேட்டரிக்குப் பாதித் தெம்பு தானாவே போயிடும். மிச்சத்த நீங்க திருகித் திருகியே கொன்னுட்டீங்க."

"அக்காவுக்குக் கண் ஆபரேஷன். சீக்கிரம் பாருங்க."

"என் வேன் இந்தப் பனியில மேடு ஏறாது. இதையே கிளப்பிடலாம்" என்று பிளம்பர் உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்தார். வேனின் பேட்டரியிலிருந்து கேபிள் இழுத்து, சிவப்பைச் சிவப்பில் மாட்டி, கறுப்பை எஞ்சினின் இரும்பில் கவ்வவிட்டார். இதோவின் கை உடனே சாவிக்குப் போனது.

"கைய எடுங்க. என் வண்டி ஓடட்டும். கொஞ்சம் சார்ஜ் ஏறினப்புறம்தான் திருகணும்."

அதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு வேறில்லை. இதற்குள் மனைவி போனை எடுத்துக்கொண்டு வந்தாள். "உங்க அக்கா பேசி வச்சிருக்காங்க" என்று அவர் காதருகே வைத்தாள்.

"சரிப்பா. நீ எடுக்க வேணாம். குளிரா இருக்கு, வீட்லயே இரு. நான் பாத்துக்கறேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. போய்ச் சேர்ந்தது அந்த முதல் வரி மட்டும்தான். வண்டி எடுக்கல என்றால் வண்டி கிளம்பவில்லை என்றும் ஆகும். நான் வண்டியை எடுக்கவில்லை, வரவில்லை என்றும் ஆகும். வேறு யார் சொல்லியிருந்தாலும் அக்கா, ஐயோ வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருப்பாள். சொன்னது இவர். அவள் கேட்கவே இல்லை.

திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்படியானால் கிளம்பிவிட்டாள். பாதிக் கண்ணோடு, அந்தச் சரிவில், கண்ணாடி மாதிரி கிடக்கும் தெருவில். விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நினைத்துப் பார்க்கப் பயந்தார்.

"இப்போ திருகலாமா?"

"திருகுங்க."

எஞ்சின் முனகி, இருமி, அடங்கிவிட்டது. இதோ ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிளம்பர் கவ்வியை அழுத்தித் திருப்பிப் பதியவைத்து, இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சைகை காட்டினார். மனைவி போனில் அக்காவை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த முறை கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"எங்கயும் ஆஃப் பண்ணிடாதீங்க. பண்ணீங்கன்னா மறுபடி கிளம்புறது சந்தேகம்" என்று பிளம்பர் கத்தியது, கார் தெருமுனை திரும்பும்போது அவர் காதில் விழுந்தது.

வேகமாகப் போகவும் முடியாது. லேசாக பிரேக்கைத் தொட்டாலே கார் தன் இஷ்டத்துக்கு நழுவியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்ந்தார். எதிரில் கறுப்புக் கோட்டு போட்ட ஒவ்வொரு உருவமும் அக்காவாகத் தெரிந்து, கிட்டே போனதும் வேறு யாராகவோ மாறியது. அக்காவைச் சரிவின் பாதியில் கண்டுபிடித்தார். ஒரு கையில் பை, இன்னொரு கையால் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலால் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருந்தாள். ஹாரன் அடித்தால் திடுக்கிட்டுக் கம்பியை விட்டுவிடுவாளோ என்று பயந்து, எஞ்சினை ஓடவிட்டபடியே கீழேயே நிறுத்தி இறங்கி, மெதுவாகப் பேசிக்கொண்டே ஏறிப்போனார்.

"அக்கா, நான்தான். அப்படியே நில்லு. நகராத."

உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிவிட்டார். கார் நகர்ந்ததும் அக்கா கேட்டாள். "வண்டி எடுக்கலன்னியே?"

"வண்டிதாங்க்கா எடுக்கல. நான் எடுக்கலன்னா சொன்னேன்?"

அக்கா சிரித்தாள். "எனக்கெப்படிடா தெரியும்?"

அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

மருத்துவமனை வாசலில் இன்னொரு கவலை. ஓடும் வண்டியை ரொம்ப நேரம் தனியாக விட்டுப் போகமுடியாது, எஞ்சின் ஓடவேண்டுமென்றால் அவர் காரிலேயே இருக்கவேண்டும். வாசலிலிருந்து கதவு வரை பனி. பிளம்பர் சொன்னது காதில் ஓடியது. இதை அணைத்தால் வேலைக்குப் போக வழியில்லை. ஏற்கெனவே மேஸ்திரியிடம் கெட்ட பேர். சாவியைத் திருப்பிப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்காவின் பையைத் தோளில் மாட்டி, அவள் கையைத் தன் கைக்குள் கோத்து, அடி அடியாக உள்ளே கூட்டிப்போனார்.

"நல்லவேளை, வந்துட்டீங்க" என்றாள் நர்ஸ். "கூட யார் இருக்காங்கம்மா? முடியற வரைக்கும் ஒருத்தர் இருக்கணும்."

"யாரும் இல்ல" என்றாள் அக்கா.

கோபத்தில் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் சொல்லவில்லை. பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் கை அவர் கைக்குள்தான் இருந்தது. நர்ஸ் அந்தக் கையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் இருக்கேன். தம்பி" என்றார்.

அக்கா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "உனக்கு வேலைக்கு நேரமாகலையாப்பா?"

"ஆகுதுக்கா" என்று சொல்லிவிட்டு, அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.