பொம்மை மூலை

எங்கள் குடியிருப்புக்கு எதிரே உள்ள மேம்பாலத் தூண்களில் இளம்பிள்ளைகள் சிலர் படம் வரைகிறார்கள். நேற்றுக் காலை பால் வாங்கப் போனபோது, கையெல்லாம் நீலமாக இருந்த ஒரு பெண் என்னை நிறுத்தினாள்.

"இந்தத் தூண்ல என்ன வரையலாம் அங்கிள்? ஏரியாக்காரங்க சொல்றதத்தான் வரையப் போறோம்."

"எதுவா இருந்தாலும் சரிம்மா" என்று நகர்ந்துவிட்டேன். பெயிண்டு வாசனை மட்டும் வீடு வரை கூடவே வந்தது.

அதே கேள்வியை நானும் ஒருகாலத்தில் காஞ்சிபுரம் முழுக்கக் கேட்டுத் திரிந்தவன்தான். எழுபதுகளின் தொடக்கம். நகராட்சி அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை எனக்கு. சாக்கடையைக்கூட அழகாக வளைத்துப் போடுவேன் என்று பெயர். அந்தப் பெயரை நம்பித்தான், பேட்டைக்கு ஒரு சிலை வைக்கும் திட்டத்தை என் தலையில் கட்டினார்கள். எந்தச் சிலை என்பதை அந்தந்தத் தெருக்காரர்களே சொல்ல வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் பள்ளிக்கூடக் கொட்டகையில் கூடினோம்.

"மயிலு வைங்க சார்."

"மயிலு கோயில்லயே இருக்குது. தறி வைங்க."

"தறிய வூட்ல பாக்கறது போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது நெசவாளி ஏகாம்பரம் எழுந்தார். அந்தப் பள்ளிக்கூடத் தெரு முனையில், தண்ணீர்க் குடத்தோடு வந்த அவருடைய மகள் உஷாவின் மேல் அரிசி லாரி ஏறி ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

"அந்த மூலையில எம்பொண்ண வெச்சுடுங்கபா. லாரிக்காரன் பாத்துக்கினு மெதுவா போவான்" என்றார்.

அதுவே முடிவாயிற்று.

உஷாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. நான் அடுத்த தெருவில் குடியிருந்ததால் குழாயடியில் அவளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முகத்தை உற்றுப் பார்க்க அப்போது என்ன அவசியம்? சிற்பிக்குக் காட்ட ஒரு படம் வேண்டுமே என்று அவர்கள் வீட்டுக்குப் பென்சிலோடு போனேன். கூடத்தில், தறிக்காகக் கஞ்சி போட்டு நீட்டியிருந்த பாவு நூலின் புளித்த வாசனை.

"வட்ட மூஞ்சி தம்பி. முன்பல்லு ரெண்டும் இருக்காது" என்றார் ஏகாம்பரம்.

"மொளச்சிடுச்சு" என்றாள் அவர் மனைவி லோகம்மா, உள்ளிருந்தபடி.

"எங்க மொளச்சுது?"

"மொளச்சிடுச்சு. நீ பாக்கல."

ஏகாம்பரம் பாவு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடினாற்போல வரைந்துகொண்டு கிளம்பினேன்.

சிமெண்டுச் சிலை, இடுப்பில் குடத்தோடு, நன்றாகத்தான் வந்தது. திறப்பு விழாவுக்கு லோகம்மா வரவில்லை. சில நாள் கழித்துக் கடைக்குப் போகிறவள் அந்த மூலையில் என்னைக் கண்டு நின்றாள். சிலையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு பெத்த பொண்ணோ, நல்லா இருக்குது" என்றாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பியே பார்த்ததில்லை. ஏகாம்பரம் தினமும் காலையில் துண்டால் அதன் முகத்தைத் துடைப்பார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

லாரிகள் மெதுவாகப் போகவில்லை. ஒரு பொங்கலுக்கு யாரோ சிலைக்கு உதட்டுச் சாயம் அடித்தார்கள். பஸ்காரர்கள் அந்த இடத்தைப் 'பொம்ம' என்று கூப்பிட, அதுவே பெயராகிப்போனது.

பல வருஷம் கழித்துச் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள், சிலை வேண்டுமா என்று ஏகாம்பரத்திடம் கேட்டார்களாம். அவர் வீட்டுக்குள் போய் லோகம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து, "எங்க வெக்கறது? எடமில்லபா" என்றாராம். சிலையை உடைத்துப் பள்ளத்தில் கொட்டி, மேலே ஜல்லி போட்டுவிட்டார்கள். அதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

ஏகாம்பரம் போய்விட்டார், லோகம்மாவும் போய்விட்டாள். அந்த மூலையில் இன்று வளைவே கிடையாது. வண்டிகள் நேராகப் போகின்றன. குழாயடியில் நின்ற அந்தப் பெண்ணை எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். வருவது சிமெண்டு முகம்தான்.